பதில்: சமுதாயக் கூடம் வரைபடம் – கூரை, பேஸ்மட்டம்

அனைவருக்கும் வணக்கம்.

நம்மூரில் கட்டப்போகும் சமுதாயக் கூடத்துக்குத் தலைவர் அண்ணன் அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன். முகப்பு அழகாக இருக்கிறது, அதில் எனக்குச் சண்டை இல்லை. கூரைதான் உறுத்துகிறது. 40 அடிக்கு 80 அடி மண்டபம் முழுக்க இரும்பு ட்ரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம்), மேலே தகர ஷீட், சரிவு என்று பெயருக்குக் கொஞ்சம், இரண்டு பக்கமும் சுவருக்கு வெளியே மூன்றடி நீட்டம். கல்யாணம், காதுகுத்துக்கு இது போதும். ஆனால் அண்ணன் மடலில் ‘புயல் நேரத்தில் மக்கள் தங்கவும்’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை இந்தக் கூரை தாங்காது.

புயல் காற்று இந்த மாதிரித் தாழ்ந்த கூரையை அமுக்குவதில்லை, மேலே உறிஞ்சுகிறது. கட்டடத்தின் மேல் வரும் காற்றுச் சுமைக்கான இந்திய விதியான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியில் கணக்கு எளிதாகவே இருக்கிறது. விநாடிக்கு இத்தனை மீட்டர் என்ற வேகத்தை அதே எண்ணால் பெருக்கி, வருவதை 0.6ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று அழுத்தம் கிடைக்கும். நம் கரைக்குக் காற்றின் வேகம் விநாடிக்கு 50 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 150 கிலோ எடை. விதியின் 2015 பதிப்பு இன்னொன்றும் சொல்கிறது: கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கி.மீ.க்குள் புயல் காப்பகம், பள்ளி, மருத்துவமனை கட்டினால் வேகத்தை 1.3 மடங்காக எடுக்க வேண்டும். அப்போது 150 கிலோ 250ஐத் தொட்டுவிடும். கூரையின் வடிவத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். ஓரத்திலும் மூலையிலும் எப்போதும் கூடுதல்தான். ஷீட்டையும் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினையும் சேர்த்து எடை போட்டால் சதுர மீட்டருக்கு 15 கிலோ தேறாது. மிச்சத்தை யார் பிடித்துக்கொள்வது? ஸ்க்ரூவும் போல்ட்டும் வெல்டிங்கும்தான்.

2018இல் கஜா புயல் அடித்த அடுத்த மாதம் ஊருக்கு வந்தபோது மாமா வீட்டு மாட்டுக் கொட்டகையைப் பார்த்தேன். ஷீட் மூன்று வயல் தள்ளிக் கிடந்தது. ஸ்க்ரூக்கள் ஒன்றுகூடப் பிடுங்கவில்லை, எல்லாம் பர்லினிலேயே இருந்தன. ஒவ்வொரு ஸ்க்ரூத் தலைக்கு அடியிலும் நகக்கண் அளவுக்குத் தகரத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. காற்று விட்டுவிட்டு இழுக்க இழுக்க, ஓட்டையைச் சுற்றித் தகரம் களைத்து விரிசல் விட்டுக் கிழிந்துபோகிறது. 1974 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தை ட்ரேசி புயல் வாரிக்கொண்டு போனபோது அங்கே கண்டறிந்ததும் இதைத்தான். அதற்குப் பிறகுதான் ஸ்க்ரூவை நெருக்கமாகப் போடுவது, தலைக்கு அடியில் அகலமான வாஷர் வைப்பது, ஆயிரக்கணக்கான தடவை இழுத்து இழுத்துச் சோதிப்பது எல்லாம் வந்தன. நம்மூரில் ஷீட் போட வருகிறவர் ஒரு பள்ளம் விட்டு ஒரு பள்ளம் ஸ்க்ரூ அடித்துவிட்டுப் போய்விடுவார். கேட்டால் ‘அதெல்லாம் போதும் சார்’.

அடுத்தது வாசலில் போட்டிருக்கும் 16 அடி ரோலிங் ஷட்டர். இது வேண்டவே வேண்டாம். நான் இருக்கும் தெற்கு ஃப்ளோரிடாவில் 1992 ஆகஸ்ட் 24 அன்று ஆண்ட்ரூ புயல் அடித்தபோது, கார் ஷெட் கதவும் கண்ணாடியும் உடைந்த வீடுகளில் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளியது; மேலே உறிஞ்சல் வேறு. இரண்டும் சேர்ந்தால் எந்தக் கூரை நிற்கும்? இன்று இங்குள்ள மயாமி-டேட் வட்டாரத்தில் ஒரு ஜன்னல் தேற வேண்டுமானால் நாலு கிலோ மரச்சட்டத்தை மணிக்கு 55 கி.மீ. வேகத்தில் அதன்மேல் எறிகிறார்கள், பிறகு 9,000 முறை காற்றழுத்தம் கொடுத்து ஆட்டுகிறார்கள். நமக்கு அவ்வளவு ஆடம்பரம் வேண்டாம். இரண்டு சாதாரண இரட்டைக் கதவு, உள்பக்கம் குறுக்குத் தாழ்ப்பாள், ஜன்னலுக்குக் கெட்டியான பலகைக் கதவு, அது போதும்.

ஷீட்டுக்குப் பதில் கூரை முழுக்கவே கான்கிரீட் தளம் போட்டுவிட்டால் என்ன என்று சிங்கப்பூர் சித்தப்பா கேட்டிருந்தார். ஐந்து அங்குலத் தளமே சதுர மீட்டருக்கு 300 கிலோ இருக்கும், அதனால் காற்று அதைத் தூக்குவது கடினம். ஆனால் நடுவில் தூண் இல்லாமல் 40 அடிக்குத் தளம் என்றால் பீம் செலவே நம் வசூலை விழுங்கிவிடும். இதற்கு அமெரிக்காவின் ஒக்லஹோமாக்காரர்கள் செய்வது எனக்குப் பிடித்திருக்கிறது. டொர்னாடோ என்ற சுழல்காற்றுக்குத் தாங்கும்படி முழு வீட்டையும் கட்டிக் கட்டுப்படியாகாது, அதனால் வீட்டுக்குள் ஓர் அறையை மட்டும் கான்கிரீட்டிலோ இரும்பிலோ கட்டிவைக்கிறார்கள். வீடே போனாலும் அந்த அறை நிற்கும்.

அதனால் என் யோசனை இது. மேடைக்குப் பின்னால் இருக்கும் மணமகன், மணமகள் அறை, பாத்திர அறை, கழிப்பறை, சாப்பாட்டுக் கூடம் ஆகியவற்றை ஒரே தொகுதியாக்கி, தூணையும், சுவரைச் சுற்றி ஓடும் கான்கிரீட் பெல்ட்டையும், கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டலையும் கம்பியால் ஒன்றோடொன்று பின்னி, மேலே தளம் போடுவோம். தண்ணீர்த் தொட்டி அதன்மேல். புயல் இரவில் சனம் அங்கே இருக்கட்டும். முன்மண்டபத்துக்கு ஷீட் இருக்கலாம். நாலு பக்கச் சரிவாக, ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில், நீட்டம் ஒன்றரை அடிக்கு மேல் போகாமல். இரண்டு பக்கச் சரிவு வைத்தால் இரு முனையிலும் வரும் முக்கோணச் சுவர்தான் முதலில் விழும், ஆண்ட்ரூவில் பார்த்தது. ட்ரஸ்ஸின் அடித்தட்டைப் பிடிக்கும் போல்ட்டுகளைக் கான்கிரீட் போடும்போதே புதைத்துவிட வேண்டும். அப்புறம் துளை போட்டுச் சொருகுவது வேலைக்கு ஆகாது.

பேஸ்மட்டம், அதாவது கட்டடத்தின் தரை உயரம், ரோட்டிலிருந்து இரண்டடி என்று போட்டிருக்கிறது. எந்த ரோடு? ஒவ்வொரு தடவை தார் போடும்போதும் அது ஏறிக்கொண்டே போகிறதே. 2008 நிஷா புயல் மழையில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பள்ளிக்கூடத் தெருப் பெரியவர்களிடம் கேட்டு, அந்த மட்டத்துக்கு மேல் இரண்டடி வையுங்கள். பேஸ்மட்டத்துக்குள் நிரப்பும் கிராவல் மண்ணை ஒரே மூச்சில் கொட்டாமல் முக்காலடிக்கு ஒருதரம் தண்ணீர் விட்டுத் திமிசு அடிக்கச் சொல்லுங்கள். மீட்டர் பெட்டியும் ஜெனரேட்டரும் தரையில் வேண்டாம்.

இதற்கெல்லாம் காசு? முகப்பு வளைவு, கண்ணாடி, வண்ண விளக்கு மூன்றுக்கும் போட்டிருக்கும் தொகையை இந்த வருடம் பின்தொகுதிக்கு மாற்றலாம். வளைவை அடுத்த வசூலில் கட்டிக்கொள்ளலாம், அது எங்கும் ஓடிவிடாது. துபாய் தம்பிகள் வளைவுக்கென்றே கொடுத்த பணம் இருப்பதால் அவர்கள் சம்மதம் வேண்டும், இங்கேயே எழுதிவிடுங்கள். அண்ணன், கம்பி விவரம் உள்ள வரைபடம் என்ஜினியரிடம் இருந்தால் அதை எனக்குத் தனியாக அனுப்புங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் பார்த்துச் சொல்லிவிடுகிறேன்.