கிரான் பரடீசோ: சிகரம் வரை ஸ்கீயிலேயே போக முடியுமா?

ஊர்சுற்றி:
மிலானில் நான்கு வருடமாக இருக்கிறேன். சறுக்குத்தளங்களில் ஓரளவு நன்றாகவே ஸ்கீ ஓட்டுவேன். ஏப்ரலில் நண்பர்களோடு இத்தாலிய ஆல்ப்ஸில் உள்ள கிரான் பரடீசோ மலை (4061 மீட்டர்) ஏற ஆசை. உச்சி வரை ஸ்கீ போகுமா? பூட்ஸில் மாட்டும் இரும்பு முள்ளெல்லாம் சுமக்கத்தான் வேண்டுமா?

பனிக்காகம்:
கட்டாயம் சுமக்க வேண்டும். நான் முதல் முறை போனபோது கோடை பூட்ஸுக்கு அளவு வைத்திருந்த முள்ளை அப்படியே எடுத்துப் போனேன். ஸ்கீ பூட்ஸில் அது ஏறவே இல்லை. கையுறையைக் கழற்றித் திருகியதில் விரல் மரத்துப்போனதுதான் மிச்சம். சிகரம் கண்ணெதிரே தெரிய, திரும்பி வந்தேன். வீட்டிலேயே மாட்டிப் பாருங்கள்.

மலையடி ஊரான பொன்ட்டில் (1960 மீட்டர்) வண்டியை விட்டுவிட்டு, முதல் நாளே மலையேறுபவர்கள் தங்கும் விட்டோரியோ எமானுவேலே குடிலுக்கு (2735 மீட்டர்) ஏறிவிடுங்கள். அங்கிருந்து இன்னும் 1300 மீட்டருக்கு மேல் ஏற்றம். இருட்டிலேயே கிளம்ப வேண்டும். ஏறும்போது ஸ்கீக்கு அடியில் ஒட்டும் பட்டையின் ரோமம் பின்பக்கமாகப் படிந்திருக்கும்; அதனால்தான் முன்னால் வழுக்கும், பின்னால் சறுக்காது. ஆனால் விடிகாலையில் பனி கல்லாக இறுகியிருந்தால் அதுவும் பிடிக்காது. ஸ்கீக்கென்றே தனி முள் உண்டு, அதையும் வாங்குங்கள்.

உச்சிப் பாறைக்குக் கீழே எல்லோரும் ஸ்கீயைப் பனியில் குத்தி நிறுத்துவார்கள். அப்புறம் கயிறு கட்டிக்கொண்டு நடைதான். குறுகலான பாறை முகடு, இரண்டு பக்கமும் பள்ளம், முடிவில் வெள்ளை மாதா சிலை. இரண்டாம் முறை அந்தச் சிலையின் காலடியைத் தொட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தென்றல்77:
ஒன்று சேர்க்கிறேன். அது பனியாறு. ஸ்கீயில் நிற்கும்போது உடல் எடை பரவிவிடும்; கழற்றிவிட்டு நடந்தால் மூடிக் கிடக்கும் பிளவுக்குள் கால் இறங்கலாம். ஓய்வெடுக்கும்போதும் கண்ட இடத்தில் ஸ்கீயைக் கழற்றாதீர்கள். பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் கருவி, குத்துக்கம்பு, மண்வாரி மூன்றும் ஆளுக்கு ஒன்று வேண்டும். முதல் முறை என்றால் வழிகாட்டியோடு போங்கள்.

பனிக்காகம்:
ஆமாம், அது முக்கியம். இறங்குவதையும் தள்ளிப்போடாதீர்கள். வெயில் ஏறி மேல்பனி லேசாக இளகும்போது சறுக்குவது வெண்ணெயில் கத்தி போவது போல இருக்கும். அதைத் தவறவிட்டால் முழங்கால் வரை புதையும், சரிவும் கழன்று வரலாம். பொன்ட்டுக்கு வந்ததும் அவசரமாகக் கிளம்பிவிடாதீர்கள். வசந்தத்தில் ஐபெக்ஸ் ஆடுகள் புல் தேடிக் கீழே இறங்கும்.

ஊர்சுற்றி:
மிக்க நன்றி. முள்ளை இப்போதுதான் மாட்டிப் பார்த்தேன். குதிகால் பக்கம் ஒரு விரல் இடைவெளி இருக்கிறது. நாளைக்கே கடைக்குப் போகிறேன்.