கிளாஸ்கோ புறநகரில் அரசுப் பள்ளி: மகளை நம்பிச் சேர்க்கலாமா?

கோபி அப்பா:

வணக்கமுங்க. எங்களுக்குக் கோபிச்செட்டிபாளையம் பக்கம். மனைவி நர்ஸ், ஸ்காட்லாந்தில் இருக்கும் கிளாஸ்கோவில் வேலை கிடைத்திருக்கிறது. ஜூலையில் குடும்பமாகக் கிளம்புகிறோம். மகள் எட்டாவது முடித்திருக்கிறாள், ஜூனில் 13 வயது முடிகிறது. இங்கே எல்.கே.ஜி.யிலிருந்து தனியார் பள்ளிதான், மஞ்சள் விற்ற பணம் வருசா வருசம் பீஸுக்கே சரியாகப் போகும். அங்கே பீஸே இல்லாத அரசுப் பள்ளி என்கிறார்கள். சொந்தத்தில் சொன்னால் "அவ்வளவு தூரம் போயும் கவர்மெண்ட் ஸ்கூலா?" என்று இழுக்கிறார்கள். லேப், மைதானம் எல்லாம் எப்படி இருக்கும்? பேர்ஸ்டன், மில்ங்கவி பக்கம் வீடு பார்க்கலாமா? வாடகை கூடுதலாக இருக்கிறது. பிள்ளை சைவம் வேறு. அங்கே படிக்க வைத்தவர்கள் சொல்லுங்க.

பெருந்துறை அக்கா:

தம்பி, நீங்கள் எழுதிய மில்ங்கவியை இங்கே "மல்கை" என்றுதான் சொல்வார்கள். பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது உதவும்.

முதல் வேலை: வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், அந்த முகவரி எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறது என்று கவுன்சில் (நம்ம நகராட்சி மாதிரி உள்ளாட்சி அமைப்பு) இணையதளத்தில் பாருங்க. இங்கே பள்ளியை முடிவு செய்வது வீட்டு முகவரிதான். நுழைவுத் தேர்வு கிடையாது, டொனேஷன் கிடையாது. வேறு பள்ளி வேண்டுமென்றால் தனியாக விண்ணப்பம் போடலாம், ஆனால் இடம் இருந்தால்தான் கிடைக்கும். இன்னொன்று, ஒரே முகவரிக்குப் பெரும்பாலும் இரண்டு பள்ளிகள் காட்டும். ஒன்று பொதுப் பள்ளி, மற்றது கத்தோலிக்கப் பள்ளி. இரண்டையும் நடத்துவது கவுன்சில்தான், 1918 கல்விச் சட்டத்திலிருந்து அப்படி. பேர்ஸ்டன், மல்கை, நியூட்டன் மேர்ன்ஸ் பள்ளிகளுக்கு நல்ல பெயர். அதனாலேயே அங்கெல்லாம் வாடகை ஏறிக்கிடக்கிறது. மல்கையில் இருக்கும் டக்ளஸ் அகாடமியில் இசைக்கென்றே தனிப் பிரிவு உண்டு, அரசு செலவில். உங்கள் பிள்ளை வயலினோ வீணையோ படிக்கிறாளா?

லேப் பற்றிக் கேட்டீர்கள். லேப் இருக்கிறது, கேஸ் அடுப்பைப் பிள்ளைகளே பற்றவைத்துச் செய்கிறார்கள். ஆனால் என்னை அசத்தியது லேப் இல்லை, மரப்பட்டறை. என் மகன் இங்கே சேரும் வரை ரம்பத்தைத் தொட்டதே இல்லை. 12 வயதில் பைன் மரத்தில் சாவி மாட்டும் பலகை ஒன்று செய்து கொண்டுவந்தான். நான்கு கொக்கி, மூன்றாவது கொஞ்சம் சாய்ந்திருக்கும். மூலையில் இரண்டு கட்டை சேரும் இடத்தில் இடைவெளி விழுந்ததால், ஆசிரியர் மூன்று தரம் திரும்ப அறுக்க வைத்தாராம். உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி சிவந்துபோய் வந்தான். அந்தப் பலகை இன்றும் எங்கள் வாசல் பக்கம்தான் தொங்குகிறது. மரவேலை, சமையல் இரண்டுமே இங்கே நேஷனல் 5 (நம்ம பத்தாவது மாதிரியான தேர்வு) பாடங்கள், கணக்கு இயற்பியல் மாதிரி சான்றிதழில் வரும்.

சமையல் வகுப்பு இன்னொரு அதிசயம். வரிசையாக அடுப்பு, வரிசையாக சிங்க். பையன், பொண்ணு எல்லாருக்கும் ஏப்ரன். என் மகள் முதலில் செய்தது பருப்பு சூப். "நம்ம பருப்புதாம்மா, கேரட்டைத் துருவிப் போட்டுக் கடைஞ்சுட்டாங்க" என்றாள். பாத்திரம் கழுவித் துடைத்து வைப்பதும் வகுப்பில் சேர்ந்ததுதான். அவளுடைய அண்ணன் வீட்டில் தட்டு கழுவ ஆரம்பித்தது இந்தப் பள்ளியில் படித்த பிறகுதான், அதை நான் மறைக்க மாட்டேன்.

விளையாட்டுக்கு உள்ளரங்கம் இருக்கும். தரையில் நீலம், மஞ்சள், சிவப்பு என்று கோடு மேல் கோடு, பேட்மிண்டனுக்கு ஒன்று, கூடைப்பந்துக்கு ஒன்று. ஊரில் எங்கள் பள்ளி மைதானம் ஆறு ஏக்கர், இங்கே அவ்வளவு இல்லை. மழை விடாததால் செயற்கைப் புல்தான் அதிகம். சாயங்காலம் அதே அரங்கத்தை ஊர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள், என் வீட்டுக்காரர் வியாழக்கிழமை அங்கேதான் ஆடுகிறார்.

வகுப்பு: 13 வயது என்றால் பெரும்பாலும் எஸ்2, அதாவது உயர்நிலைப் பள்ளியில் இரண்டாம் வருசம். எஸ்4-ல் நேஷனல் 5, எஸ்5-ல் அதற்கு அடுத்த நிலைத் தேர்வான ஹையர். பல்கலைக்கழகம் முக்கியமாகப் பார்ப்பது இந்த ஹையரைத்தான். பள்ளி ஆகஸ்ட் நடுவில் திறந்துவிடும், அதனால் ஜூலைக் கடைசி வரை தள்ளாதீங்க. பஸ்ஸுக்கும் பயப்பட வேண்டாம், 2022 ஜனவரியிலிருந்து 22 வயதுக்குக் கீழே எல்லாருக்கும் இலவசம், கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சைவத்துக்கு கேன்டீனில் சுட்ட உருளைக்கிழங்கு, பீன்ஸ், பாஸ்தா கிடைக்கும். என் மகள் தயிர்சாதம்தான் கொண்டுபோகிறாள்.

டிசம்பருக்கு மட்டும் மனதைத் தயார்ப்படுத்துங்க. எட்டே முக்காலுக்குத்தான் விடியும், நாலு மணிக்கு முன்னாலேயே இருட்டிவிடும். பிள்ளை இருட்டில் போய் இருட்டில் வருவாள். முதல் வருசம் எனக்கு அழுகையே வந்தது.

எடின்பரோ ஈரோட்டான்:

அக்கா சொன்னது எல்லாம் சரி. ஒன்று சேர்க்கிறேன். புதுக் கட்டடம் என்பதற்காக மட்டும் பள்ளியைத் தேர்ந்தெடுக்காதீங்க. பல பள்ளிகளைத் தனியார் கட்டி, பராமரிப்பையும் அவர்களே பார்க்க, கவுன்சில் வருசா வருசம் பணம் கட்டுகிற ஏற்பாடு. 2016 ஜனவரியில் எடின்பரோவில் அப்படிக் கட்டிய ஒரு தொடக்கப் பள்ளியின் சுவர் புயலில் இடிந்தது. அப்புறம் சோதித்துப் பார்த்து 17 பள்ளிகளை மூடினார்கள். நல்லவேளை, பிள்ளைகள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் பையன் படித்த பள்ளியும் பளபள கண்ணாடிக் கட்டடம்தான். ஒரு ஜனவரியில் ஹீட்டர் பழுதாகி ஒன்பது நாள் ஜாக்கெட்டோடு வகுப்பில் உட்கார்ந்தான். சரிசெய்ய ஆள் வரவேண்டும், யார் கூப்பிடுவது என்பதிலேயே நாள் போனது. அவன் கணக்கு ஆசிரியை வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் சூடான சாக்லேட் கொண்டுவந்து கொடுத்தார். பள்ளியைப் பார்க்கப் போனால் ஆசிரியர்களிடம் பேசுங்க.

காங்கேயம் வாத்தியார்:

அரசுப் பள்ளி ஆசிரியராக இதைப் படிக்க சந்தோசமாக இருக்கிறது. மரப்பட்டறை நமக்கும் புதுசு இல்லைங்க. என் அப்பா படித்த காலத்தில் கைத்தொழில் வகுப்பில் தக்கிளியில் நூல் நூற்றார்கள். 1978-ல் பிளஸ் டூ வந்தபோது தொழிற்பிரிவும் கூடவே வந்தது. நாமாகத்தான் அதை மார்க் குறைந்த பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கிவிட்டோம். கோபி அப்பா, டி.சி., மார்க் ஷீட், தடுப்பூசி அட்டை மூன்றையும் கைப்பையிலேயே வையுங்க. தமிழ்ப் புத்தகம் ஒன்பதாவதும் பத்தாவதும் வாங்கிக்கொண்டு போங்க, எடை அதிகமில்லை.

கோபி அப்பா:

எல்லாருக்கும் நன்றிங்க. அக்கா, வயலின் இல்லை, சிலம்பம் சுத்துகிறாள். நீங்கள் எழுதியதை அவளிடம் வாசித்துக் காட்டினேன். "ரம்பம் நிஜமாவே கையில குடுப்பாங்களாப்பா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டாள். பார்த்து வைத்த இரண்டு வீட்டு முகவரியையும் இன்று ராத்திரி கவுன்சில் பக்கத்தில் போட்டுப் பார்க்கிறோம்.