மாலையில் ஷட்டில் ஆடினால் நள்ளிரவில் சர்க்கரை இறங்குகிறது

எனக்கு டைப் 1 சர்க்கரை நோய், வயது 34, ஊர் கோவை. இரவு 10 மணிக்கு லான்டஸ் (நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் இன்சுலின்) 18 யூனிட், சாப்பாட்டுக்கு முன் நோவோராபிட் (வேகமாக வேலை செய்யும் இன்சுலின்). பொங்கலுக்குப் பிறகு மாலை 7 மணிக்கு ஷட்டில் ஆடுகிறேன்.

ஆடும்போது சிக்கல் இல்லை. சர்க்கரை 140 இருக்கும்போது ஆடத் தொடங்கினால், விறுவிறுப்பான ஆட்டத்தில் 190 வரை ஏறும். அட்ரினலின் வேலை என்றார் டாக்டர், சரி. ஆனால் படுத்த பிறகு 2, 3 மணி வாக்கில் 60-க்கும் கீழே. பனியன் தொப்பலாக நனைந்து, கை நடுங்கி, மனைவிதான் எழுப்பிக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுக்கிறாள். வெறும் நடைப்பயிற்சி நாட்களில் இப்படி இல்லை.

ஆட்டத்துக்கு முன் வாழைப்பழம் சாப்பிட்டேன். அப்போதைக்கு ஏறியதோடு சரி. டாக்டர் சொன்னபடி இரவுச் சாப்பாட்டு ஊசியைக் குறைத்தேன். இறக்கம் கொஞ்சம் தள்ளிப்போனதே தவிர நிற்கவில்லை. படுக்கும் முன் பாலும் பிஸ்கட்டும் எடுத்தால் காலையில் 220. ஆட்டத்தை விடச் சொல்லாதீர்கள், இப்போதுதான் தொப்பை குறைகிறது. மாதக் கடைசியில் டாக்டரைப் பார்க்கிறேன், அவரிடம் பேசத்தான் கேட்கிறேன்.

மாலையில் ஆடும் டைப் 1 நண்பர்களே, ஆட்ட நாட்களில் மட்டும் உங்கள் டாக்டர் லான்டஸைக் குறைக்கச் சொன்னாரா, சொன்னால் எவ்வளவு?