மூடிய கழிவுநீர்த் தொட்டியில் கான்கிரீட் மாவாக உதிர்கிறது, வெளிச்சுவரில் விரிசல். எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:
14 வருடப் பழைய ஈக்வலைசேஷன் தொட்டி (வரும் கழிவுநீரைத் தேக்கி, அளவைச் சமப்படுத்தி அனுப்புவது). மேலே ஸ்லாப் போட்டு மூடியது, அடி தரைக்குக் கீழே 3 மீட்டரில் இருக்கிறது. மேன்ஹோல் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தோம். நீர்மட்டத்துக்கு மேலே சுவரும் ஸ்லாபின் அடியும் வெள்ளையாக இருக்கின்றன, கழியால் சுரண்டினால் மாவாக வருகிறது. இரண்டு இடத்தில் கம்பி தெரிகிறது. வெளிச்சுவரில் கிட்டத்தட்ட சம இடைவெளியில் செங்குத்து விரிசல்கள், அங்கேயும் வெள்ளைப் படிவு. கட்டும்போதே கலவை சரியில்லை என்கிறார்கள். அடுத்த வாரம் காலி செய்து இறங்கிப் பார்க்கப் போகிறோம்.

பதில் 1:
சார், கலவை மோசமென்றால் நீருக்குள் இருக்கும் சுவரும் உதிரணுமே? மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிச் சுரண்டிப் பாருங்கள். அங்கே கெட்டியாக இருந்தால் இது அமில அரிப்பு. கழிவுநீரிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு ஈரச் சுவரில் படிகிறது. அங்கே வாழும் பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக்குகிறது, சிமென்ட் ஜிப்சமாகிறது. விரிசல் வேறு கதை. அந்த அமைப்பைப் பார்த்தால், புதிதாகக் கட்டியபோது கான்கிரீட் சுருங்கியதால் வந்த ஆரம்பகாலச் சுருக்க விரிசல் மாதிரி தெரிகிறது. இரண்டு வெள்ளையையும் தனித்தனியாக எடுத்து, திறந்த வெளியில் ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. ஜிப்சம் நுரைக்காது.

பதில் 2:
தயவுசெய்து காலி செய்யாதீர்கள்! நிலத்தடி நீர் எங்கே நிற்கிறது? அடித்தளத்துக்கு மேல் ஒவ்வொரு மீட்டர் நீரும் சதுர மீட்டருக்கு 1 டன் விசையில் மேலே தள்ளும். அதை எடையால் மட்டும் அடக்க 40 செ.மீ. கான்கிரீட் வேண்டும். இப்போது உள்ளே இருக்கும் நீர்தான் தொட்டியைப் பிடித்து வைத்திருக்கலாம்.

கேட்டவர்:
பக்கத்தில் குழி தோண்டினோம், 1.2 மீட்டரிலேயே தண்ணீர். வரைபடத்தில் அடித்தளம் 45 செ.மீ. உள்ளே எடுத்த பொடி நுரைக்கவில்லை, வெளியே எடுத்தது நன்றாக நுரைத்தது. நீருக்குள் சுவர் கெட்டிதான்.

பதில் 2:
அப்படியென்றால் அடிக்கு மேல் 1.8 மீட்டர் நீர், சதுர மீட்டருக்கு 1.8 டன் மேலே தள்ளுகிறது, அடித்தளத்தின் எடை ஏறக்குறைய 1.1 டன்தான். மிச்சத்தைச் சுவரும் ஸ்லாபும் தாங்குமா என்று வடிவமைப்புப் பொறியாளரைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். சந்தேகமிருந்தால் வெளியே பம்ப் வைத்து நிலத்தடி நீரை முதலில் இறக்குங்கள். அப்புறம், மூக்கை நம்பி யாரையும் உள்ளே இறக்காதீர்கள். 100 பிபிஎம் அளவில் ஹைட்ரஜன் சல்பைடு வாசனையே தெரியாமல் போகும். இறங்குமுன் கேஸ் மீட்டரில் அளந்து, காற்றை ஓடவிட்டு, மேலே ஒருவரை நிறுத்துங்கள். ஸ்லாபின் மேல் வண்டியையும் ஏற்ற வேண்டாம்.

பதில் 1:
இறங்கிய பிறகு ஸ்லாபில் கோர் (துளையிட்டு எடுக்கும் உருளைத் துண்டு) எடுத்து, உடைத்த முகத்தில் பினால்ஃப்தலீன் (கெடாத கான்கிரீட்டில் பட்டால் இளஞ்சிவப்பாகும் திரவம்) தெளியுங்கள். இளஞ்சிவப்பு எங்கே தொடங்குகிறதோ அதுவரை கொத்தி எடுக்காமல் மேலே பூசினால் பூச்சு கழன்று வந்துவிடும்.