ஓரிகாமி கொக்குகளைச் சுவரில் மாட்ட யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே, எங்கள் வீட்டு ஹாலில் சோபாவுக்கு மேலே சுவர் வெறுமையாக இருக்கிறது, அங்கே மாட்டுவதற்காகக் காகிதக் கொக்குகள் மடித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டடிக்கு மூன்றடி பலகையில், கீழே அடர்நீலத்தில் தொடங்கி மேலே போகப் போக வெளிறி வெள்ளையாகிற மாதிரி, கூட்டமாகப் பறப்பதுபோல ஒட்ட வேண்டும் என்று ரொம்ப ஆசை. ஜப்பானில் ஆயிரம் கொக்குகளை நூலில் கோத்துத் தொங்கவிடுவார்களே, செம்பாசுரு, அதைப் பார்த்து வந்த எண்ணம்தான் இது.

சிக்கல் காகிதத்தில்தான். 15 செ.மீ. ஓரிகாமி தாளை நான்காக வெட்டி மடித்தால் அலகு ஊசி மாதிரி கூர்மையாக வருகிறது, ஆனால் சென்னை ஈரக்காற்றில் இறக்கை தொய்ந்துவிடுகிறது. 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) ஏ4 தாள் விறைப்பாக நிற்கும், சரி, ஆனால் கழுத்துப் பக்கம் அடுக்குகள் சேர்ந்து தடித்து, மடிப்பு ஓரத்தில் வெடித்து உள்ளிருக்கும் வெள்ளை தெரிகிறது. இரண்டுக்கும் நடுவில் நல்ல தாள் எது, எங்கே கிடைக்கும்?

அப்புறம், பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஸ்பிரே அடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா, நிறம் மாறுகிறதா? வெள்ளைப் பசை தடவினால் தாள் ஈரம் குடித்துச் சுருங்குகிறது, குளூ கன் நூல் நூலாக இழுத்து அசிங்கமாக இருக்கிறது, வேறு என்னதான் வைத்து ஒட்டுவது? மேற்குப் பார்த்த ஜன்னல் வேறு, சாயங்கால வெயில் நேராக அந்தச் சுவரில் விழும், அதனால் கண்ணாடி போட்ட ஆழமான ஃபிரேம் செய்யலாமா என்றும் யோசிக்கிறேன், தூசியும் அடையாது. ஃபிரேம் கடையில் எத்தனை இஞ்ச் ஆழம் கேட்க வேண்டும்? செய்தவர்கள் படம் இருந்தால் கட்டாயம் போடுங்கள்.