கடுதாசிக் கம்பியிலிருந்து கழற்றிய 212 கார்டுகள்

திருவல்லிக்கேணியிலிருந்து

பெரியப்பா வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டப்போகிறார்கள். பரணைக் காலி செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. பித்தளைப் பாத்திரங்களுக்கு ஆளாளுக்குப் போட்டி, காகிதத்துக்கு ஒருவரும் வரவில்லை. ஒரு தகர டிரங்குப் பெட்டி, இரண்டு மஞ்சப்பை, அப்புறம் ஒரு கடுதாசிக் கம்பி. பழைய வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அடியில் வட்டமாக ஒரு மரக்கட்டை, நடுவில் நட்ட கம்பி, மேல்முனை கொக்கியாக வளைந்து ஆணியில் தொங்கும். வந்த கார்டைப் படித்ததும் ஒரே குத்து. அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. எங்கள் கம்பியில் 212 கார்டுகள் இருந்தன.

நான் செய்த முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தனையையும் கழற்றினேன். ராஜா தலை போட்டது தனி, பைசா கார்டு தனி, படம் போட்டது தனி என்று சீட்டுக்கட்டு மாதிரி பிரித்து ரப்பர் பேண்ட் போட்டுவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ராத்திரி படிக்க உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. "போன லெட்டரில் எழுதினபடி" என்று ஒரு கார்டு ஆரம்பிக்கிறது. எந்தப் போன லெட்டர்? பாதிக் கார்டுகளில் தபால் முத்திரை வெறும் கறுப்பு அப்பல்.

சரி, தேதியையாவது பிடிக்கலாம் என்று பார்த்தால், தாத்தாவின் தம்பி "பராபவ வருஷம் ஆடி 12" என்று எழுதியிருக்கிறார். அறுபது வருஷச் சுற்றில் பராபவ 1906இலும் வரும், 1966இலும் வரும். அந்த இடத்தில் கார்டின் விலைதான் கைகொடுத்தது. எட்வர்ட் ராஜா தலையும் கால் அணாவும் அச்சாகியிருந்தால் 1906. பைசா என்றால் 1966, ஏனென்றால் 1957 ஏப்ரலில்தான் நயா பைசாவே வந்தது. எங்களுடையது பைசா. முகவரியிலும் துப்பு கிடைக்கிறது. "மெட்ராஸ்-5" என்று மட்டும் இருந்தால், பின்கோடு வந்த 1972 ஆகஸ்ட் 15க்கு முந்தியதாக இருக்கலாம். திருவல்லிக்கேணியின் அந்த 5தான் பிறகு 600005 ஆனது. மயிலாப்பூரின் 4, தி.நகரின் 17 எல்லாம் அப்படி வந்தவைதான். ஆனால் எங்கள் வீட்டில் சிலர் 80களிலும் பிடிவாதமாக "மெட்ராஸ்-5" என்றே எழுதியிருக்கிறார்கள், அதனால் இதை ரொம்ப நம்ப வேண்டாம்.

இன்னொன்று கவனித்தேன். 212இல் ஒரு சாவுச் செய்திகூட இல்லை. இழவுக் கார்டை வீட்டுக்குள் வைக்கமாட்டார்கள், படித்ததும் கிழித்துப் போட்டுவிட்டுத் தலைமுழுகப் போவார்கள். அதனால் யார் எப்போது போனார்கள் என்று கம்பியிடம் நேராகக் கேட்க முடியாது. ஒரு கையெழுத்து எந்த இடத்தோடு நின்றுபோகிறது என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தஞ்சாவூர் அத்தைப்பாட்டி தேதியே போடமாட்டாள், மேலே ஒரு பிள்ளையார் சுழி, கீழே நேராக விஷயம். அவள் எழுதினவை பதினேழு. எது கடைசி என்று தெரிந்த ஒரே சாட்சி அந்தக் கம்பி. அதைத்தான் நான் கலைத்துவிட்டேன்.

கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் ஒரு நம்பர் போட்டிருந்தால் போதும். அரைமணி நேர வேலை.

சைதாப்பேட்டையிலிருந்து

கலைந்ததற்கே வருத்தப்படுகிறீர்கள், எங்களுக்குக் கரைந்தே போனது. 2015 டிசம்பரில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பீரோவின் கீழ்த்தட்டில்தான் எல்லாக் காகிதமும். பத்திரமாக இருக்கட்டும் என்று தாத்தாவின் கிரயப் பத்திரத்தை லாமினேஷன் செய்து வைத்திருந்தோம். ஓரம் வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது, பிரிக்கவும் முடியவில்லை, காயவும் இல்லை. கவரில் சும்மா போட்டிருந்த இன்னொரு பத்திரம் பிழைத்தது. பேனா மை ஊற்றி எழுதின கடிதங்கள் நீலத் தண்ணீராகப் போய்விட்டன. பென்சிலில் எழுதின மளிகைக் கணக்கு மட்டும் துளிகூட அழியவில்லை! 1961இல் துவரம்பருப்பு என்ன விலை என்று இன்றும் சொல்வேன்.

மற்றவற்றைக் காப்பாற்றியது என் தங்கை வீட்டு ஃப்ரீஸர். ஈரக் காகிதம் இரண்டு மூன்று நாளில் பூசணம் பிடித்துவிடும், உறையவைத்துவிட்டால் பூசணம் வளராது. ஒரு மாசம் மீன் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் எங்கள் அப்பாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் இருந்தது. பிறகு நாலு நாலாக எடுத்து, அச்சில்லாத வெள்ளைத் தாள் நடுவில் வைத்து, ஃபேன் காற்றில் ஆறவிட்டோம். வெயிலில் போட்டவை அப்பளம் மாதிரி சுருண்டன.

ராயப்பேட்டையிலிருந்து

திருவல்லிக்கேணி அம்மா, முதலில் அந்த ரப்பர் பேண்டை எடுங்கள். நம்ம ஊர் வெயிலுக்கு அது உருகி ஒட்டிக்கொள்ளும், பிறகு கார்டின் தோலோடுதான் வரும். செல்லோ டேப், குண்டூசி, ஸ்டேப்ளர் பின் எதுவும் கூடாது.

நான் அடுத்தவர் வீட்டுக் கடிதங்களைக் காசு கொடுத்து வாங்குகிற ஆசாமி. மூர் மார்க்கெட் 1985இல் எரிவதற்கு முன் அங்கே வாங்கினேன், இப்போது பாரதி சாலை நடைபாதை. ஒரு முறை பழைய துறைமுகப் படக் கார்டு ஒன்று கிடைத்தது. ஆரம்ப காலத்துக் கார்டு, பின்பக்கம் முழுக்க முகவரிக்கே ஒதுக்கியிருக்கும், அதனால் எழுதினவர் கப்பலைச் சுற்றிலும் கடலுக்கு மேலும் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தார். முகவரி ஜார்ஜ் டவுனில் ஒரு தெரு. தேடிப் போனேன், அதே குடும்பம் இன்னும் இருந்தது. அந்த வீட்டுப் பெண் ஆர்வமாக வாங்கிப் பார்த்தாள், போட்டோ எடுத்துக்கொண்டாள். "கார்டை நீங்களே வச்சுக்குங்க மாமா, எங்க வீட்ல வெக்க இடமில்ல" என்றாள். காபி நன்றாக இருந்தது.

கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் இருந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994இல் உருவானதே, கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த அப்படிப்பட்ட காகிதங்களையும் புத்தகங்களையும் வைத்துத்தான்.

உங்கள் வரிசை முழுக்கப் போய்விடவில்லை. கம்பி ஓட்டையை விடுங்கள், அது எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கும். ராமபாணப் பூச்சி போட்ட ஓட்டை இருக்கிறதா பாருங்கள். அது ஒரு கார்டோடு நிற்காது, துளைத்துக்கொண்டே அடுத்ததற்குப் போகும். ஓட்டைக்கு ஓட்டை பொருந்தினால் அவை பக்கத்துப் பக்கத்துக் கார்டுகள்.

திருவல்லிக்கேணியிலிருந்து

சார், ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. இதுவரை 38 கார்டுகள் வரிசைக்கு வந்திருக்கின்றன. ஒரு ஓட்டை மட்டும் பதினோரு கார்டுகளைத் தாண்டிப் போகிறது, வரவரச் சின்னதாகிறது. அதில் ஐந்தாவது அத்தைப்பாட்டி எழுதினது, நார்த்தங்காய் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறாள். அதற்கு மேலே இருக்கும் ஆறிலும் அவள் கையெழுத்து இல்லை. அதற்கும் மேலே போகாமல் பூச்சி நின்றுவிட்டது.