‘எர்த்சீ’ படிக்கும் இரவுக்கு எந்த மது பொருந்தும்?

கடல்நாரை எழுதியது:

உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய ‘எ விசார்ட் ஆஃப் எர்த்சீ’ நாவலை ஆண்டுக்கு ஒருமுறையாவது எடுத்துப் படிப்பது என் வழக்கம். ஏறத்தாழ இருநூறு பக்கங்களே கொண்ட நூல் என்பதால், மாலையில் தொடங்கினால் நள்ளிரவுக்குள் முடித்துவிடலாம். அப்படி உட்காரும் இரவில் பக்கத்தில் ஒரு கோப்பை மதுவும் இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றுகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் தடுமாறுகிறேன்.

சில நூல்கள் இந்த வேலையைத் தாமே செய்துவிடுகின்றன. டோல்கியனின் ‘தி ஹாபிட்’ (1937) நாவலின் முதல் அத்தியாயத்திலேயே, அழையாமல் வந்து அமர்ந்த குள்ளர்கள் ஏல் வேண்டும், போர்ட்டர் வேண்டும் என்று ஆளுக்கொரு பியர் வகையைக் கேட்க, மந்திரவாதி கேண்டால்ஃப் தமக்குக் கொஞ்சம் சிவப்பு ஒயின் போதும் என்கிறார். வாசகர் அவற்றுள் ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம். எர்த்சீயிலோ கடல் இருக்கிறது, ஆடு மேய்க்கும் மலைச்சிற்றூர் இருக்கிறது, சொற்களை எண்ணிப் பேசும் ஆசான் ஓகியன் இருக்கிறார். இதைத்தான் குடிக்க வேண்டும் என்று கைகாட்டும் காட்சி எதுவும் என் மனத்தில் நிற்கவில்லை.

சென்ற ஆண்டு, கடல்வாடையும் புகைவாடையும் சேர்ந்தது என்று கேள்விப்பட்டு, ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கி ஒன்றைத் திறந்தேன். கதைநாயகனான இளம் மந்திரவாதி கெட் தன் நிழலைத் துரத்திக்கொண்டு கிழக்குக் கடலுக்குள் போகும் பகுதிக்கு வந்தபோது மூன்றாவது கோப்பையில் இருந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் அடையாளத் தாள் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் கடைசி இருபது பக்கங்களில் ஒரு வரிகூட நினைவில் இல்லை. தாளின் ஓரத்தில் கோப்பையின் ஈரவட்டம் மட்டும் காய்ந்து சுருங்கிக் கிடந்தது. அந்த நூலின் உயிரே அந்த இருபது பக்கங்களில்தான் இருக்கிறது என்பதைப் படித்தவர்கள் அறிவீர்கள். இம்முறை அப்படி ஆகிவிடக் கூடாது. யோசனை சொல்லுங்கள்.

மூன்றாம் அலமாரி எழுதியது:

மிகுபுனைவு என்றாலே மீட்தான். தேனையும் நீரையும் ஈஸ்ட் கொண்டு நொதிக்க வைத்துச் செய்யும் அந்த மதுவுக்கு இருக்கும் தொன்ம மணம் வேறு எதற்கும் கிடையாது. நார்ஸ் தொன்மத்தில் கவித்திறன் என்பதே ஒரு மீட்தான். குவாசிர் என்ற பேரறிஞனைக் கொன்ற குள்ளர்கள் அவன் குருதியில் தேனைக் கலந்து வடித்ததைக் கடவுள் ஓடின் தந்திரமாகக் கவர்ந்து வருகிறான். தமிழிலும் தேறல் என்று அருமையான சொல் ஒன்று இருக்கிறது. இதற்கு மேல் யோசிப்பானேன்?

பீப்பாய்க்குள் பதின்மூவர் எழுதியது:

மூன்றாம் அலமாரி நண்பர் பொறுத்தருள வேண்டும். மீட் எந்த மிகுபுனைவுக்கும் பொருந்தும் என்பதாலேயே எதற்கும் தனியாகப் பொருந்துவதில்லை என்பது என் எண்ணம். அது சரியாக வந்து அமரும் இடமென்று ‘அமெரிக்கன் காட்ஸ்’ (2001) நாவலைச் சொல்வேன். அங்கே ஷாடோ என்பவன் வெட்னெஸ்டேயிடம் வேலைக்குச் சேரும்போது ஒப்பந்தத்தை உறுதிசெய்ய மூன்று கோப்பை மீட் குடிக்கிறான். அதன் சுவை அவனுக்குச் சிறிதும் பிடிப்பதில்லை. பிடிக்காததைக் குடித்து முடித்தால்தான் வாக்கு வாக்காகும் என்ற அந்தக் கட்டாயத்தில்தான் மீட்டுக்கு வேலை இருக்கிறது. கதையில் கோப்பை வருகிறதா என்று தேடுவதைவிட, மது அங்கே என்ன செய்கிறது என்று பார்ப்பதே பயன் தரும். ‘தி ஹாபிட்’டிலும் முதல் அத்தியாயத்து ஏலைவிட முக்கியமான மது பிறகுதான் வருகிறது: எல்ஃப் அரசனின் காவலர் தலைவன் டோர்வினியன் ஒயினைக் குடித்துவிட்டு உறங்கிப்போவதால்தான் கதைநாயகன் பில்போவால் சாவியை எடுத்துக் குள்ளர்களைப் பீப்பாய்களில் அடைத்துத் தப்பவைக்க முடிகிறது. (என் புனைபெயரின் காரணம் இப்போது விளங்கியிருக்கும்.)

கடல்நாரை, ஐலா விஸ்கி நல்ல மதுதான். உங்கள் நூலுக்குத்தான் தவறான மது. பீட் என்ற சதுப்புநில மண்ணை வெட்டி உலர்த்தி எரித்து, அந்தப் புகையில் மால்ட் எனும் முளைவிட்ட பார்லியைக் காயவைப்பதால் வரும் வாடை, அறைக்குள் வந்ததும் எல்லாரையும் தன் பக்கம் திரும்ப வைத்துவிடும். ஓகியனைப் பற்றிப் படிக்கும்போது அவ்வளவு சத்தம் எதற்கு? மேலும் நாற்பது சதவீத ஆல்கஹாலை வைத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் படிக்க முடியாது என்பதை நீங்களே கண்டுவிட்டீர்கள்.

மன்சனீயாவை முயன்று பாருங்கள். ஸ்பெயினின் தெற்கே, குவாடல்கிவிர் ஆறு கடலோடு கலக்கும் சான்லூக்கர் தெ பர்ரமேதா என்ற ஊரில் முதிர வைக்கப்படும் வெளிர்நிற ஷெர்ரி ஒயின் அது. பீப்பாயை விளிம்புவரை நிரப்பாமல் இடம் விட்டு வைப்பார்கள். ஒயினின் மேற்பரப்பில் ஃப்ளோர் எனப்படும் வெள்ளை ஈஸ்ட் ஆடை படர்ந்து காற்று உள்ளே புகாமல் காக்கும். கடற்காற்றின் ஈரப்பதத்தால் அந்த ஆடை அங்கே ஆண்டு முழுவதும் உயிரோடிருக்கிறது. ஒயினில் மிச்சமிருக்கும் சர்க்கரையையும் அதுவே தின்றுவிடுவதால் இனிப்பென்பதே இராது. பாதாம், சீமைச்சாமந்தி, நாக்கின் ஓரத்தில் உப்புக்கரிப்பு போல ஏதோ ஒன்று, அவ்வளவுதான். ஆல்கஹால் சுமார் பதினைந்து சதவீதம். உலகை முதன்முதலாகச் சுற்றி வந்த மாகெல்லன் பயணக் குழு 1519இல் கடலுக்குள் இறங்கியதும், எஞ்சியவர்கள் ஒரே கப்பலில் 1522இல் திரும்பியதும் அதே துறைமுகத்துக்குத்தான் என்பதைக் கரையில்லாக் கடலுக்குப் படகு செலுத்தும் கதையோடு சேர்த்து நினைத்துக்கொள்ளலாம். நன்றாகக் குளிரவைத்து, சிறிய கோப்பையில் அரையளவே ஊற்றுங்கள், வெதுவெதுப்பானால் சப்பென்றாகிவிடும்.

அடிக்குறிப்புப் பித்தன் எழுதியது:

மேலே சொன்ன யோசனையை வழிமொழிகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும்: மன்சனீயாவைத் திறந்தால் சில நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் அதன் புதுமை போய்விடும். ஒரே இரவில் முடியும் நூலுக்கு அது குறையன்று. சுசானா கிளார்க்கின் ‘ஜொனாதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நாரெல்’ (2004) போல, அடிக்குறிப்புகளுக்குள்ளேயே தனிக்கதைகள் ஓடும் பருத்த நாவலோடு வாரக்கணக்கில் குடியிருப்பவர்கள் மதேய்ராவை நாடலாம். வெப்பமண்டலக் கடல்வழியே கப்பலில் போய்வந்த பீப்பாய்கள் கெடாமல் மேம்பட்டிருப்பதைக் கண்டு, பிற்பாடு வேண்டுமென்றே சூடேற்றி முதிரவைக்கத் தொடங்கிய ஒயின் அது. கெடக்கூடிய விதங்களிலெல்லாம் முன்பே கெட்டு முடித்துவிட்டதால், திறந்த புட்டி மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். கதை நடக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து இங்கிலாந்தில் விரும்பிக் குடிக்கப்பட்ட மதுவும் அதுதான்.

கடல்நாரை எழுதியது:

நன்றி, நண்பர்களே. நேற்றிரவு மன்சனீயாவோடு அமர்ந்தேன். முதல் வாய் ஏமாற்றமாகவே இருந்தது. இனிப்பை எதிர்பார்த்த நாக்குக்கு, ஊறவைத்த பாதாமின் தோலைக் கடித்தது போல இருந்தது. கெட்டும் ஓகியனும் மழையில் காட்டுவழியே நடக்கும் பகுதியில், மழையை மந்திரத்தால் விலக்காமல் நனைந்துகொண்டே போகும் அந்த மனிதரைப் படித்தபோது இரண்டாவது வாய் குடித்தேன்; அங்கே பொருந்திவிட்டது. ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் நிழல் வெளிப்படும் இரவைப் படிக்கையில் கோப்பையைத் தொடவே மறந்துவிட்டேன் என்பதால் பதின்மூவர் எச்சரித்தபடி அது வெதுவெதுப்பாகிச் சப்பென்றானது, கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினேன். மொத்தம் இரண்டரைச் சிறு கோப்பைகள். கடைசி இருபது பக்கங்கள் வரிவரியாக நினைவில் இருக்கின்றன.

புட்டியில் பாதி மிச்சமிருக்கிறது. அதைக் கெடவிடாமல் அடுத்த நூலான ‘தி டூம்ப்ஸ் ஆஃப் அட்டுவான்’ (1971) நாவலோடு முடித்துவிடலாமா? அதில் கடல் ஏறத்தாழ இல்லவே இல்லை என்பதால் கேட்கிறேன்.

பீப்பாய்க்குள் பதின்மூவர் எழுதியது:

வேண்டாம். நிலத்தடி இருட்டுப் பாதைகளுக்குள் சிக்கித் தாகத்தால் சாகக்கிடக்கும் கெட்டுக்கு இளம் பூசாரிணி தேனார் கொண்டுவந்து கொடுப்பது தண்ணீர். அந்த அத்தியாயத்தைப் படிக்கும்போது கையில் வேறு எது இருந்தாலும் கூச்சமாக இருக்கும். மிச்சத்தை இன்றே குடித்துவிட்டு, நாளை ஒரு செம்புத் தண்ணீரோடு உட்காருங்கள்.